மஞ்சள் நாலிதழ்ப் பூ, சாம்பல்பச்சை இலை: கொலராடோ மலையடிவாரத்தில் இது எந்தக் கடுகுக் குடும்பச் செடி?

சரிவுப்பாதை:

இடம் கொலராடோவின் ஃப்ரன்ட் ரேஞ்ச் மலையடிவாரம், லாரிமர் கவுண்டி. உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். தெற்குப் பார்த்த சரிவு. சரளையும் புல்லும், அங்கங்கே பாண்டரோசா பைன். மே கடைசியில் அங்கே மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஒரு செடியை அடையாளம் காண உதவி வேண்டும்.

செடியின் உயரம் 35 முதல் 40 செ.மீ. ஒரே அடியிலிருந்து மூன்று தண்டுகள் கிளம்பி நேராக நிற்கின்றன. அடியில் பழைய இலைக்காம்புகள் காய்ந்து நார் நாராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இலை ஒடுக்கமானது, 5 முதல் 8 செ.மீ. நீளம், ஓரத்தில் ஒன்றிரண்டு பல், சாம்பல் பூத்த பச்சை. பூவில் நான்கு இதழ்கள் சிலுவையாக விரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் நல்ல மஞ்சள், சில செடிகளில் ஆரஞ்சுச் சாயல். பூக்கள் தண்டின் உச்சியில் உருண்டைக் கொத்தாகவும், அதற்குக் கீழே 2–3 செ.மீ. பிஞ்சுக் காய்கள் மேல்நோக்கியும் இருக்கின்றன. மணம் உண்டு.

கடுகுக் குடும்பம் என்பது வரை தெளிவு. படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொன்று சொல்கிறது: வால்ஃப்ளவர், யெல்லோ ராக்கெட், காட்டுக் கடுகு. ஜூன் தொடக்கத்தில் இந்தச் சரிவில் தன்னார்வலர்கள் களை பிடுங்க வருகிறார்கள். "மஞ்சள் கடுகு எதைப் பார்த்தாலும் பிடுங்கலாம்" என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது. அதற்கு முன் உறுதிசெய்தாக வேண்டும்.

இது இம்மண்ணுக்கே உரியதா? வால்ஃப்ளவர் என்றால் எந்த இனம், ஈராண்டுச் செடியா பல்லாண்டுச் செடியா? செடியைப் பிடுங்காமல் இதையெல்லாம் முடிவுசெய்ய எதைப் பார்க்க வேண்டும்?


பத்துமடங்கு:

நீங்கள் எழுதியதை வைத்தே எரிசிமம் பேரினம் என்று சொல்லிவிடலாம். வால்ஃப்ளவர் என்பது அதுதான். இதழின் நீளம், உருண்டைக் கொத்து, ஒடுங்கிய சாம்பல் இலை, நிமிர்ந்த காய் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஆனால் களை பிடுங்கும் முடிவுக்கு "சொல்லிவிடலாம்" போதாது. ஆகவே ஏன் அப்படி என்பதையும், நீங்களே போய்ச் சரிபார்க்க வேண்டியதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கடுகுக் குடும்பத்தில் பூவை மட்டும் பார்த்து இனத்தைப் பிடிக்க முடியாது. நான்கு புல்லி இதழ், நான்கு அல்லி இதழ், ஆறு மகரந்தத் தாள்கள், அந்த ஆறில் நான்கு நீளம் இரண்டு குட்டை, நடுவில் இரண்டு அறை கொண்ட சூலகம்: இது ஏறக்குறைய குடும்பம் முழுவதற்கும் பொது. மேலிருந்து எடுத்த பூப்படத்தில் செயலிக்குக் கிடைப்பது இந்தப் பொது அடையாளம் மட்டுமே. அதனால்தான் படத்துக்குப் படம் பெயர் மாறுகிறது. இந்தக் குடும்பத்தைப் பிரித்துக் காட்டுபவை இரண்டு: இலையின் ரோமமும் முற்றிய காயும்.

ரோமம். 10 மடங்கு கை லென்ஸ் ஒன்று வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையைத்தான் லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும், 2.5 செ.மீ. தூரத்தில் தெளிவாகும். லென்ஸைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, "ரோமமே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். வெயிலுக்குச் சாய்வாக இலையைத் திருப்புங்கள். எரிசிமத்தில் ரோமம் எழுந்து நிற்காது. நடுவில் ஒட்டி, இரு முனையும் இரு பக்கம் நீண்டு, இலைப்பரப்போடு படுத்துக் கிடக்கும். தண்டிலும் இலையிலும் நீளவாக்கில் ஒரே திசையில் அடுக்கியது போல் இருக்கும். இடையிடையே மூன்று கை கொண்டவையும் வரும். இலையின் சாம்பல் நிறத்துக்குக் காரணம் இவையே. இப்படிப் படுத்த இருகை ரோமத்தைப் பார்த்துவிட்டால் யெல்லோ ராக்கெட்டும் காட்டுக் கடுகும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். யெல்லோ ராக்கெட்டின் இலை பெரும்பாலும் வழவழப்பு, பளபளக்கும் கரும்பச்சை. காட்டுக் கடுகுகளில் ரோமம் இருந்தால் கிளையில்லாத ஒற்றை முள்ளாக எழுந்து நிற்கும்.

அடுத்து, புல்லி இதழ்கள் நிற்கும் விதம். எரிசிமத்தில் நான்கும் நிமிர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிக் குழாய் போல் நிற்கும். எதிரெதிரான இரண்டின் அடியில் சிறு பை போன்ற புடைப்பு இருக்கும். அல்லி இதழின் ஒடுங்கிய அடிப்பகுதி அந்தக் குழாய்க்குள் ஒளிந்து, அகன்ற பகுதி மட்டும் வெளியே தட்டையாக மடிந்து விரியும். பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது.

காய். இந்தப் பேரினத்தில் உங்கள் சரிவில் எதிர்பார்க்கக்கூடிய இனமான எரிசிமம் கேப்பிடேட்டத்தின் முற்றிய காய் 4 முதல் 12 செ.மீ. வரை நீளும், அகலம் 2, 3 மி.மீ.தான். குறுக்கே வெட்டினால் நான்கு மூலை. இப்போது 3 செ.மீ. பிஞ்சு என்றாலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உருளாமல் தடுக்கித் தடுக்கித் திரும்பினால் அது நாற்பட்டை. காட்டுக் கடுகின் காய் உருளை வடிவம், நுனியில் நீண்ட அலகு வேறு இருக்கும். எரிசிமத்தில் அப்படி அலகு கிடையாது. குட்டையான சூலகத்தண்டும் இரண்டாகப் பிளந்த சூலகமுடியும் மட்டுமே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடுகுக் குடும்பம் என்றதும் வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எரிசிமத்தில் இதயத்தைப் பாதிக்கும் கார்டினோலைடு வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சி கடுகுக் குடும்பத்தைத் தேடித்தேடி முட்டையிடும். எரிசிமத்தை அது தவிர்ப்பதற்கு இச்சேர்மங்களே காரணம். சுவைத்து அடையாளம் காண்பது வேண்டாம்.


நெற்றும்விதையும்:

எரிசிமம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இனம் எது, எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஃப்ரன்ட் ரேஞ்சில் பெரிய மஞ்சள் பூ விடும் எரிசிமம் இரண்டு: கேப்பிடேட்டம், ஆஸ்பரம். முதலாவது மலையினம், அடிவாரத்திலிருந்து மரக்கோட்டுக்கு (மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரம்) மேலே வரை ஏறும். இரண்டாவது கிழக்குச் சமவெளியின் புல்வெளியினம். மலையும் சமவெளியும் சந்திக்கிற விளிம்பில் இரண்டுக்கும் நடுவிலான செடிகள் வரும், அங்கே நல்ல தாவரவியலாளர்களும் ஒத்துப்போவதில்லை. உங்கள் 1,900 மீட்டர் அந்த விளிம்பிலிருந்து அதிக தூரமில்லை. ஆகவே பூவைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இதழின் நீளம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காய் முற்றட்டும். கேப்பிடேட்டத்தில் காய்கள் தண்டை ஒட்டினாற்போல் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். ஆஸ்பரத்தில் அவை தண்டிலிருந்து விலகி அகலமாக விரியும், கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில். ஆஸ்பரத்தின் காயில் கோடுகள் உண்டு: பட்டை விளிம்புகள் ரோமமில்லாமல் பச்சையாகவும், அவற்றுக்கிடையே உள்ள பரப்பு ரோமத்தால் சாம்பலாகவும் இருக்கும். கேப்பிடேட்டத்தின் காய் அப்படி வரிவரியாக இராது. உங்கள் பிஞ்சுகள் மேல்நோக்கி நிற்பது கேப்பிடேட்டம் பக்கம்தான், ஆனால் பிஞ்சை மட்டும் நம்ப வேண்டாம். எந்த எரிசிமத்திலும் பிஞ்சு முதலில் நிமிர்ந்தே தோன்றும். விலகுவது காம்பு கனத்த பிறகு. ஜூலை நடுவில் அதே செடியைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஆரஞ்சுச் சாயலைப் பெரிதாக எடுக்காதீர்கள். கேப்பிடேட்டம் எலுமிச்சை மஞ்சளிலிருந்து செங்கல் ஆரஞ்சு வரை போகும். மரக்கோட்டுக்கு மேலே ஊதாவும் உண்டு. விரலளவு உயரத்தில் ஊதாப் பூவோடு இருக்கும் செடியை இதே இனமென்று சட்டென யாரும் நம்பமாட்டார்கள். நிறத்தை வைத்து எரிசிமத்தைப் பிரிக்க முயல்வதில்தான் நிறைய தவறான பதிவுகள் பிறக்கின்றன.

ஈராண்டா பல்லாண்டா? கேப்பிடேட்டத்தில் இரண்டுமே நடக்கிறது. தாழ்ந்த இடங்களில் பெரும்பாலானவை முதல் ஆண்டு அடியிலை வட்டம் போட்டு, இரண்டாம் ஆண்டு பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். உயரமான, குளிர்ந்த இடங்களில் அடித்தண்டு கட்டையாகிக் கிளைத்துச் சில ஆண்டுகள் நிற்பவை உண்டு. அவற்றைப் பர்ஷியை என்ற தனி வகையில் சேர்ப்பார்கள். குறிப்பிட்ட ஒரு செடி எது என்பதை, தோண்டாமலே அடியைப் பார்த்துச் சொல்லலாம். விரலால் அடிமண்ணையும் காய்ந்த சருகையும் ஒரு செ.மீ. ஆழம் ஒதுக்குங்கள். பூத்த தண்டுக்குப் பக்கத்திலேயே, அதே கட்டையிலிருந்து, பூக்காத பச்சை இலை வட்டம் இருக்கிறதா? போன வருடத்துப் பூத்தண்டின் காய்ந்த முளை அதே கட்டையில் ஒட்டியிருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தச் செடி ஒருமுறைக்கு மேல் பூக்கிறது. இரண்டும் இல்லாமல், ஒற்றை ஆணிவேரின் தலையில் வாடிக்கொண்டிருக்கும் ஒரே இலை வட்டம் மட்டும் இருந்தால் அது இந்த ஆண்டோடு முடிகிற செடி.

நீங்கள் சொன்ன நார் போன்ற பழைய காம்புகள் மட்டும் போதாது. ஈராண்டுச் செடியிலும் முதல் ஆண்டு இலைகளின் காம்பு காய்ந்து அப்படியே ஒட்டியிருக்கும். ஒரே அடியில் மூன்று தண்டு என்பதும் அப்படித்தான். மான் ஒருமுறை நுனியைக் கடித்துவிட்டால் ஈராண்டுச் செடியும் பக்கத்திலிருந்து தண்டு விடும். கடிபட்ட நுனி நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே சரிவில் சின்னப் பூ விடும் எரிசிமமும் வரலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்கான்ஸ்பிக்குவம் இந்த நிலத்துக்குரிய பல்லாண்டுச் செடி, இதழ் வெளிர் மஞ்சள், 1 செ.மீ.க்குள். ரெபாண்டம் வெளியிலிருந்து வந்த ஓராண்டுக் களை. இதழ் 6–8 மி.மீ., காய்க்காம்பு காயின் அளவுக்கே தடிமன், காய்கள் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். இரண்டிலும் படுத்த ரோமம் இருக்கும். ரோமத்தைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் இங்கேதான் சறுக்கும். ரோமம் பேரினம் வரைக்கும் கொண்டுவிடும், அதற்கு மேல் ஸ்கேலை எடுத்தாக வேண்டும்.


சரிவுப்பாதை:

இருவருக்கும் நன்றி. லென்ஸில் பார்த்தாயிற்று: ரோமம் படுத்து, நீளவாக்கில், இரு கை. காய் விரலில் தடுக்குகிறது. புல்லி இதழ் நிமிர்ந்த குழாய். நடுத்தண்டில் கடிபட்ட நுனி இல்லை. அடியில் இரண்டு பூக்காத இலை வட்டங்களும் போன வருடத் தண்டின் முளை ஒன்றும் இருக்கின்றன. ஆக, பல்லாண்டு நிற்கும் கேப்பிடேட்டம் என்று எழுதிக்கொள்கிறேன், ஜூலையில் காயைப் பார்த்து உறுதிசெய்வதாக.

கூடவே இன்னும் இரண்டு மஞ்சள் செடிகள். சரிவின் கீழ்ப்பக்கம் சாம்பல் நிற ஷேல் (ஏடு ஏடாக உடையும் களிமண் பாறை) வெட்டுமுகத்தில், தரையோடு படர்ந்த ஒன்று: இலை வெள்ளி போல் மின்னுகிறது, பூ சிறியது, காய் ஊதிய பை போல இருக்கிறது, இரண்டிரண்டாக ஒட்டினாற்போல். அதற்குச் சற்றுத் தள்ளி இடுப்பளவு உயரத்தில் இன்னொன்று: நீலப்பச்சைத் தண்டு, அடியிலைகள் ஆழமாகப் பிளந்தவை, உச்சியில் ஒரு முழ நீளத்துக்கு மொட்டு, இன்னும் விரியவில்லை. இவையும் கடுகுக் குடும்பமா? களையா?


ஷேல்மண்:

இரண்டும் கடுகுக் குடும்பம், இரண்டும் இந்த நிலத்துக்குரிய பல்லாண்டுச் செடிகள். இரண்டையும் யாரும் தொடக் கூடாது. முதலாவதைப் பற்றி அழுத்தியே சொல்கிறேன்.

இரட்டைப் பையாக ஊதிய காயும் வெள்ளி இலையும் இருந்தால் அது ஃபைசேரியா. காயில் பை இரண்டாகப் புடைத்திருப்பவற்றை ட்வின்பாட் என்பார்கள், ஒற்றை உருண்டையாக இருப்பவை பிளாடர்பாட். பழைய கையேடுகளில் பிளாடர்பாட் எல்லாம் லெஸ்குரெல்லா என்ற பெயரில் இருக்கும். 2002-இல் அதன் பெரும்பாலான இனங்களை ஃபைசேரியாவில் சேர்த்தார்கள். கையேட்டில் ஃபைசேரியாவின் கீழ் தேடிக் கிடைக்காவிட்டால் லெஸ்குரெல்லாவிலும் பாருங்கள்.

இலையை லென்ஸில் பார்த்தால் எரிசிமத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் தெரியும். இங்கே ரோமம் நட்சத்திரம். நடுப்புள்ளியிலிருந்து பல கைகள் எல்லாப் பக்கமும் விரிந்து, ஒன்றன் மேல் ஒன்று படிந்து இலையை மூடியிருக்கும். வெள்ளி மின்னுவது அதனால்.

லாரிமர் கவுண்டியின் ஷேலில் இரட்டைப் பை என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஃபைசேரியா பெல்லியை. ஃப்ரன்ட் ரேஞ்ச் அடிவாரத்தில் லாரிமர், போல்டர் கவுண்டிகளை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வளரும் செடி அது. உலகில் வேறெங்கும் இல்லை. நையோப்ரரா போன்ற ஷேல் படிவங்கள் வெளியே தலைகாட்டும் இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். இலை அகன்று தடித்திருக்கும், நுனி மழுங்கியிருக்கும், ஓரத்தில் மேலோட்டமான பல் இருக்கலாம். இலை நடுவில் இடுங்கிப் பிடில் வடிவத்தில் இருந்தால் அது ஃபைசேரியா விட்டுலிஃபெரா. அதுவும் கொலராடோவுக்கே உரியது, ஆனால் கிரானைட் சரளைதான் அதற்குப் பிடித்த இடம். இரண்டும் நெருங்கி வளரும் இடங்களில் கலப்பும் உண்டு. நீள்வட்ட இலை, நிமிர்ந்த ஒற்றைக் காய், S போல் வளைந்த காய்க்காம்பு என்றால் ஃபைசேரியா மாண்டானா. அது இங்கே சாதாரணம். உருண்டைக் காய் காம்பு வளைந்து தொங்கினால் லுடோவிசியானா.

ஷேல் வெட்டுமுகத்தில் நிற்பதும் நடப்பதுமே இந்தச் செடிக்குப் பெரிய கேடு. ஆணிவேர் ஆழம் போகும், ஆனால் மேலே உள்ள தளர்ந்த ஷேல் சில்லு காலடியில் சரிந்தால் அடிக்கட்டை வெளியே வந்துவிடும். நாற்றுகள் அந்தச் சில்லோடு போய்விடும். படம் எடுக்கக் கீழே நின்று கையை நீட்டுங்கள், மேலேறி நிற்காதீர்கள். களைக் குழுவை அந்த வெட்டுமுகத்துக்கே அனுப்ப வேண்டாம். இதே பேரினத்தில் ரியோ பிளாங்கோ கவுண்டியின் காஞ்சஸ்டா, ஆப்கார்டேட்டா என்ற இரண்டு இனங்கள் 1990-இல் கூட்டரசின் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. இந்தக் குடும்பத்தின் அரிய செடிகள் பலவும் இப்படி ஒரே ஒரு பாறைப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் படிவம் முடிகிற இடத்தில் செடியும் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது செடி பூக்கட்டும், ஆனால் நீங்கள் எழுதியது ஸ்டான்லியா பின்னேட்டா, பிரின்ஸஸ் ப்ளூம். பூத்ததும் இதைப் பாருங்கள்: புல்லி இதழும் மஞ்சள், அது பின்னோக்கி மடிந்து தொங்கும். மகரந்தத் தாள்கள் ஆறும் பூவுக்கு வெளியே நெடுக நீட்டிக்கொண்டிருக்கும், நீளம் ஏறக்குறைய சமம். குடும்ப வழக்கமான நாலு நெட்டை இரண்டு குட்டை இங்கே தெளிவாக இராது. அதைப் பார்த்து "கடுகு இல்லை" என்று தள்ளுபவர்கள் உண்டு. காய் மெல்லிய கயிறு போல் வளையும், அதற்குக் காம்புக்கு மேலே இன்னொரு காம்பு இருக்கும்: பூ உதிர்ந்த வடு ஒரு முடிச்சாகத் தெரியும், அதற்கு மேல் 1 முதல் 2.5 செ.மீ. தள்ளித்தான் காய் தொடங்கும். இந்த இரட்டைக் காம்பு எரிசிமத்தில் கிடையாது.

இதே அமைப்பு உள்ள வேறு குடும்பச் செடி ஒன்றும் மேற்கு மாநிலங்களில் உண்டு: யெல்லோ பீபிளான்ட், வேளைக் குடும்பம். ஆறு சம நீளத் தாள், காம்பேறிய காய் எல்லாம் அதிலும் வரும். இலையைப் பாருங்கள். பீபிளான்டில் சிற்றிலைகள் கைவிரல் போல் ஒரே புள்ளியிலிருந்து பிரியும். ஸ்டான்லியாவில் நடு நரம்பின் இரு புறமும் இறகு போல் பிளந்திருக்கும்.

ஸ்டான்லியா நிற்கிறது என்றால் மண்ணில் செலினியம் இருக்க நல்ல வாய்ப்பு. இந்தச் செடி செலினியத்தை இழுத்துத் தன்னுள் சேர்க்கும். உலர்ந்த இலையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவதும் உண்டு. கால்நடைக்கு நஞ்சு. ஃபோர்ட் காலின்ஸின் மேற்கு விளிம்பில் உள்ள பைன் ரிட்ஜ் பகுதியில் இந்தச் செடியையும் அதே மண்ணில் வளரும் அவரைக் குடும்பச் செடியான இருபள்ள அஸ்ட்ராகலஸையும் வைத்து நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பக்கத்தில் ஊதாப் பூ விடும் அந்த அஸ்ட்ராகலஸும் இருந்தால், காயின் மேல்பக்கம் இரண்டு பள்ளக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செலினியம் மண் என்பதற்கு இன்னொரு சாட்சி.


களைக்கொத்தி:

களை பிடுங்கும் பக்கத்தைச் சேர்க்கிறேன். "மஞ்சள் கடுகு எல்லாம்" என்ற அறிவுறுத்தலை முதலில் மாற்றுங்கள். எதைப் பிடுங்கக் கூடாது என்ற பட்டியல் தன்னார்வலர் கையில் நிற்காது. எதைப் பிடுங்க வேண்டும் என்று இரண்டு மூன்று செடிகளைக் காட்டி, அவற்றை மட்டும் என்று சொல்லுங்க. அது வேலை செய்யும்.

அந்த உயரத்தில் மே, ஜூனில் மஞ்சளாக நிற்கும் களைகளில் முக்கியமானது டையர்ஸ் வோட், அதாவது ஐசாட்டிஸ் டிங்டோரியா. கொலராடோவில் ஏ பட்டியல் களை. ஒழித்தே ஆகணும் என்று சட்டம் சொல்கிறது. பூவைப் பார்த்தால் தட்டையான பெரிய மஞ்சள் குடை, தூரத்திலிருந்து வால்ஃப்ளவரோடு குழப்பும். கிட்டே போனால் குழப்பமே இல்லை. இதழ் 3–4 மி.மீ.தான், இலை நீலப்பச்சை, நடுவில் வெள்ளை நரம்பு, தண்டிலையின் அடி தண்டைக் காது மாதிரி கட்டிப்பிடிக்கும். காய் தட்டையாகத் தொங்கும், ஒற்றை விதை, முற்றினால் கருஊதா. ஒரு செடி கண்ணில் பட்டாலும் கவுண்டி களை அலுவலகத்துக்குத் தெரிவிச்சிடுங்க. பிடுங்கும்போது தலை மட்டும் அறுந்து ஆணிவேர் நின்றுபோனால் மறுபடி துளிர்க்கும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, வேரின் தலைக்குக் கீழே கொத்தியை இறக்கி நெம்பி எடுக்கணும். காய் வந்த செடியைப் பிடுங்கி அங்கேயே போட்டால் விதை முற்றிவிடும். மூட்டையில் கட்டி வெளியே கொண்டுபோகணும்.

டம்பிள் மஸ்டர்ட், அதாவது சிசிம்பிரியம் ஆல்டிசிமம், அடுத்தது. ஓராண்டுச் செடி, இதழ் வெளிர் மஞ்சள் 6–8 மி.மீ., மேல் இலைகள் நூல் நூலாகப் பிளந்தவை. காய் நீளம், 10 செ.மீ. வரை, காம்பும் காயும் ஒரே தடிமன். காயின் நீளத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதை வால்ஃப்ளவர் என்று விட்டுவிடுவார்கள். இலையைப் பார்த்தால் ஒரு நொடியில் தீரும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று: சிசிம்பிரியம் லினிஃபோலியம். அது மேற்கு மாநிலங்களின் உள்ளூர்ப் பல்லாண்டுச் செடி. ரோமமில்லாத நீலப்பச்சைத் தண்டு, கோடு போல ஒடுங்கிய பிளவுபடாத இலை, மெல்லிய நீண்ட காய். பேரினப் பெயர் ஒன்று என்பதற்காகப் பிடுங்கிவிடாதீங்க. பழைய நூல்களில் ஸ்கோயனோகிராம்பி என்று இருக்கும்.

ஷேல் செடியைப் பற்றி மேலே எழுதியவர் நட்சத்திர ரோமத்தைச் சொன்னார். சரிதான், ஆனால் அதே சரிவில் மஞ்சள் அலிஸம் என்ற ஓராண்டுக் களை கட்டாயம் இருக்கும், அதிலும் நட்சத்திர ரோமம் உண்டு. 10–20 செ.மீ. உயரம், இதழ் 2–3 மி.மீ., காய் சின்ன நாணயம் போல வட்டத் தட்டை. ஊதியிருக்காது. இழுத்தால் நூல் போன்ற வேரோடு கையில் வந்துவிடும். ஃபைசேரியா வராது, வருமா என்று இழுத்துப் பார்க்கவும் கூடாது. ஆகவே இழுத்துப் பார்க்காமல் காயைப் பக்கவாட்டில் பாருங்க: தட்டையா, ஊதியதா. கமெலினா மைக்ரோகார்ப்பா என்ற களையின் காயும் ஊதியிருக்கும், ஆனால் அது பேரிக்காய் வடிவம், ஒற்றை நெட்டைத் தண்டில், வெளிர் மஞ்சள் சின்னப் பூவோடு, தரையோடு படராது.

யெல்லோ ராக்கெட் வறண்ட சரிவில் வராது, ஓடை ஓரத்தில் வரும். அங்கே போனால் கவனம்: வந்தேறியான பார்பேரியா வல்காரிஸும் உள்ளூர்க்காரியான பார்பேரியா ஆர்த்தோசெராஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். வல்காரிஸின் காய் நுனியில் 2–3 மி.மீ. மெல்லிய அலகு, ஆர்த்தோசெராஸில் அது குட்டை, பெரும்பாலும் 1 மி.மீ. அளவு, தடிமன். மேல் தண்டிலை வல்காரிஸில் பிளவுபடாமல் பல் மட்டும் போட்டிருக்கும், ஆர்த்தோசெராஸில் அதுவும் பிளந்திருக்கும். ஈரநிலத்து யெல்லோ ராக்கெட்டைத் தன்னார்வலர் தீர்மானிக்க விடாதீங்க.


பத்துமடங்கு:

மேலே சொன்ன எல்லாவற்றையும் படமாகப் பதிவுசெய்தால் ஜூலையில் மறுபடி குழம்ப வேண்டியதில்லை. ஒரு செடிக்கு இவை போதும்: முழுச்செடியும் அது நிற்கும் மண்ணும், மண்ணை ஒதுக்கிய அடிக்கட்டை, அடியிலை ஒன்றும் நடுத்தண்டிலை ஒன்றும், இரு பக்கமும், பூ மேலிருந்தும் பக்கவாட்டிலும், மிகக் கீழே உள்ள, அதாவது மிக முற்றிய, காய் காம்போடு சேர்த்து. ஒவ்வொன்றிலும் மி.மீ. அளவுகோல் தெரிய வேண்டும். ரோமத்துக்குக் கைபேசியின் கேமராமேல் கை லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுக்கலாம், இரண்டும் நேர்கோட்டில் இருந்தால் நன்றாகவே வரும்.

மஞ்சள் பூவைக் கைபேசி வெயிலில் எப்போதும் வெளுத்துவிடும். இதழின் நரம்பும் தாள்களின் நீள வித்தியாசமும் அழிந்துபோகும். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள், அல்லது உடம்பின் நிழலைப் பூமேல் விழச் செய்யுங்கள்.

மாதிரிக்குச் செடியைப் பறிப்பது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும்: தேசியப் பூங்காக்களில் அது தடை, கவுண்டியின் திறந்தவெளி நிலங்களிலும் பெரும்பாலும் அப்படியே. விதை சேகரிப்புக்கும் நிலத்தை நிர்வகிப்பவரின் அனுமதி வேண்டும். கேப்பிடேட்டத்துக்கு அடையாளம் காண எதையும் பறிக்கத் தேவையில்லை. கீழே உதிர்ந்த போன வருடக் காயின் ஓடு இருந்தாலே நாற்பட்டையும் நடுச்சவ்வும் தெரிந்துவிடும்.


சரிவுப்பாதை:

ஷேல் செடியின் இலையைப் பார்த்தேன்: அகலம், தடிமன், மேலோட்டமான பல், நடுவில் இடுக்கம் இல்லை, நட்சத்திர ரோமம். காய் இரட்டைப் பை, மேல் நுனியில் பள்ளம். படங்களைக் கவுண்டிக்கு அனுப்பியாயிற்று. வெட்டுமுகத்தைச் சுற்றிக் கொடி நட்டு வேலைப் பகுதியிலிருந்து விலக்குகிறோம். குழுவுக்கான தாளில் இப்போது டையர்ஸ் வோட், டம்பிள் மஸ்டர்ட், மஞ்சள் அலிஸம் மூன்று மட்டும், ஒவ்வொன்றுக்கும் இலை, காய்ப் படத்தோடு. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: வோட் செடி இன்னும் பூக்காமல் அடியிலை வட்டமாக இருந்தால், அதையும் வால்ஃப்ளவரின் இலை வட்டத்தையும் எப்படிப் பிரிப்பது?


களைக்கொத்தி:

வோட்டின் அடியிலை பெரியது, 5 செ.மீ.யில் நிற்காது, 15 செ.மீ.யும் போகும், காம்பு நீளம், நடுநரம்பு வெள்ளையாக நுனிவரை ஓடும். ரோமம் இருந்தாலும் மென்மையாக எழுந்து நிற்கும் ஒற்றை ரோமம். வால்ஃப்ளவரின் இலை ஒடுக்கம், சாம்பல், ரோமம் படுத்தது. லென்ஸ் இல்லாதவர் அகலத்தைப் பார்க்கட்டும்: விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் வோட் ஆக இருக்கலாம், லென்ஸ் வைத்திருப்பவரைக் கூப்பிடணும். அதற்குள் இருந்தால் விட்டுவிடட்டும். சந்தேகமான இலை வட்டத்தில் ஒரு கொடி குத்தி அடுத்த வசந்தத்தில் பூக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பூக்கும்வரை அதிலிருந்து ஒரு விதையும் விழாது.